குழந்தைகள் இல்லங்களில் கொண்டாட்டம் போதும்

வீட்டில் ஒருவருக்குப் பிறந்தநாள். திருமண நாள். தாத்தாவுக்குத் திதி. உடனே பக்கத்து ஊர்க் குழந்தைகள் இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, கேக்குடனும் குடும்பத்துடனும் அங்கே போய் இறங்குவது தமிழ்நாட்டின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் வேரூன்றிவிட்ட வழக்கம். கட்சித் தலைவர்களின் பிறந்தநாளுக்குத் தொண்டர்கள் போகிறார்கள். நடிகர்களின் பிறந்தநாளுக்கு ரசிகர்கள் போகிறார்கள். நிறுவனங்கள் ஊழியர்களைப் பேருந்தில் அழைத்துப் போகின்றன. கல்லூரிகள் மாணவர்களை அனுப்புகின்றன.

இவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். தங்கள் மகிழ்ச்சியில் ஒரு பங்கை இல்லாதவர்களோடு பகிர்ந்துகொள்ள நினைப்பவர்கள். அந்த மனத்தை நாம் குறை சொல்லவில்லை. அந்த மனம் செய்யும் செயலைக் கண்டிக்கிறோம். இந்தக் கொண்டாட்டங்கள் குழந்தைகளுக்குத் தீங்கு செய்கின்றன. இவற்றைச் சுற்றி வளர்ந்திருக்கும் நன்கொடைப் பொருளாதாரம், பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளைகளையும் வீட்டிலிருந்து பிரித்து விடுதியில் சேர்க்கிறது. இதைத் தடுக்கச் சட்டம் இருந்தும் அரசு அதை முழு மூச்சாக நடைமுறைப்படுத்தவில்லை. கொடுப்பவர், வாங்குபவர், மேற்பார்க்க வேண்டியவர் ஆகிய மூவரும் தங்கள் போக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

முதலில், அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைக் குழந்தையின் பக்கத்திலிருந்து பார்ப்போம். விளையாடிக்கொண்டோ படித்துக்கொண்டோ இருந்த பிள்ளைகளை அழைத்து வரிசையாக உட்கார வைக்கிறார்கள். முன்பின் பார்த்திராத ஒருவருக்காக எல்லோரும் கை தட்டிப் பாட வேண்டும். அவர் கேக் வெட்டுவார். இலையில் பிரியாணி விழும். விருந்தினர் வீட்டுப் பிள்ளை புத்தாடையில் அப்பா, அம்மாவோடு நடுவில் நிற்கும். இல்லத்துப் பிள்ளை அதை எதிரே உட்கார்ந்து பார்க்கும். பிறகு புகைப்படம். பிறகு நன்றி சொல்லல். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விசேஷ நாட்களிலும் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வந்தால் இதே சடங்கு அதே நாளில் திரும்பவும் நடக்கும். ஆண்டு முழுவதும் அடுத்தவர் பிறந்தநாளுக்குப் பாடும் அந்தப் பிள்ளையின் பிறந்தநாள் என்றைக்கு என்று வந்தவர்கள் கேட்பதில்லை. தனக்கு யாரும் இல்லை என்பதை ஒரு குழந்தைக்கு வாரந்தோறும் நினைவூட்ட இதைவிடக் கொடுமையான ஏற்பாடு வேண்டியதில்லை.

அந்தப் புகைப்படம் அன்று மாலையே வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் ஏறுகிறது. இது வெறும் நாகரிகக் குறைவு அன்று, சட்டமீறல். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின் 74ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் படத்தையோ அடையாளம் தெரியவரும் விவரங்களையோ வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாததுபோல் அரசியல் கட்சிகளின் பக்கங்களிலும் தொண்டு நிறுவனங்களின் துண்டறிக்கைகளிலும் குழந்தைகளின் முகங்கள் தெளிவாக அச்சாகின்றன. இன்று 8 வயதில் கையில் தட்டோடு நிற்கும் படம், அந்தப் பிள்ளை 18 வயதில் கல்லூரிக்குப் போகும்போதும் இணையத்தில் இருக்கும். அதை அழிக்கும் உரிமையை நாம் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறோமா?

இதைவிட ஆழமான காயம் ஒன்று இருக்கிறது. அது அன்பின் வடிவில் வருவதால் விருந்தினர் கண்ணுக்குத் தெரிவதில்லை. "போன உடனே ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக்கிச்சு, விடவே மாட்டேங்குது" என்று நெகிழ்ந்து சொல்லாதவர் குறைவு. முன்பின் தெரியாதவரிடம் தயக்கமே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும் இந்தப் போக்கைக் குழந்தை மனநல மருத்துவம் கவலையோடு பார்க்கிறது. நிலையான ஒரு பராமரிப்பாளரோடு பிணைப்பு ஏற்படாத குழந்தைகளிடம் இது அடிக்கடி காணப்படுகிறது. இல்லத்தில் பராமரிப்பவர்கள் முறை மாற்றி வருகிறார்கள், வேலையை விட்டுப் போகிறார்கள். அதற்கு மேல், வெளியிலிருந்து வாரம் ஒரு கூட்டம் வந்து கொஞ்சிவிட்டு, "மறுபடி வரேன்" என்று சொல்லிவிட்டு, வராமலே போகிறது. ஒட்டுவதும் அறுவதுமாகவே வளரும் பிள்ளைக்கு யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்ற எச்சரிக்கை உணர்வு மழுங்கிப் போகிறது. பாலியல் கொடுமை செய்ய வருபவனுக்கு இதைவிடச் சாதகமான நிலை எது? சாப்பாட்டுக்குப் பணம் கட்டியவர் என்ற ஒரே தகுதியில், யார் என்று விசாரிக்காமல், குழந்தைகளுக்கு நடுவே ஆளை அனுப்பும் இல்லங்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நிலையான பிணைப்பில்லாமல் வளர்வதன் தீங்கை அனுமானமாகச் சொல்லவில்லை. ருமேனியாவில் 1966இல் சௌசெஸ்கு ஆட்சி கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க முடியாத பெற்றோர், "அரசு பார்த்துக்கொள்ளும்" என்ற உறுதிமொழியை நம்பிப் பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டனர். 1989 டிசம்பரில் அந்த ஆட்சி விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அத்தகைய இல்லங்களில் இருந்தார்கள். 2000ஆம் ஆண்டில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகிய ஆய்வாளர்கள் புக்காரெஸ்ட் நகர இல்லங்களிலிருந்த 136 பச்சிளங்குழந்தைகளைத் தொடர்ந்து ஆராயத் தொடங்கினார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். மீதிப் பேர் வழக்கமான பராமரிப்பில் தொடர்ந்தனர். குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவுத்திறனும் பிணைப்பும் தெளிவாக மேம்பட்டன. அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள்தான் அதிகம் தேறினார்கள். இல்லத்துக் குழந்தைகளுக்குக் கூரை இருந்தது, உணவு இருந்தது, உடை இருந்தது. அவர்கள் அழும்போது அவர்களுக்கென்றே எழுந்து வரும் ஓர் ஆள் இல்லை. அந்தக் குறையை விருந்தாலும் இனிப்பாலும் நிரப்ப முடியாது என்பதைத்தான் அந்த ஆய்வு உலகத்துக்கு உணர்த்தியது.

"பெற்றோரே இல்லாத பிள்ளைகளுக்கு வேறு வழி என்ன?" என்று கேட்பார்கள். நம் இல்லங்களை நிரப்பியிருப்பவர்கள் பெற்றோர் இருவரையும் இழந்தவர்கள் மட்டும் என்று எண்ணுவதே நம்முடைய முதல் தவறு. கணவனை இழந்த கூலித் தொழிலாளி, கணவன் விட்டுப்போன பெண், குடிநோயில் விழுந்த தகப்பன், செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராகப் போகும் குடும்பம். இவர்களுடைய பிள்ளைகளே கணிசமானோர். "ஹோம்ல விட்டுட்டா மூணு வேளைச் சாப்பாடு, படிப்பு, துணி எல்லாம் இலவசம்" என்று யாரோ சொல்கிறார்கள். தாய் அழுதுகொண்டே விட்டுவிட்டுப் போகிறாள். அவளுக்குப் பிள்ளைமீது பாசமில்லை என்று சொல்ல எவருக்கும் வாய் இல்லை. அவள் வீட்டில் அடுப்பு எரிய உதவ ஆளில்லை. பிள்ளையை அவளிடமிருந்து பிரித்து வைக்கும் கட்டடத்துக்கு உதவ நூறு பேர் இருக்கிறார்கள். நம் நன்கொடை எந்தப் பக்கம் பாய்கிறதோ அந்தப் பக்கம்தான் குழந்தையும் போகும். இந்தக் கணக்கு நமக்குப் புரிய வேண்டும்.

கம்போடியாவில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. அங்கே 2005ஐ அடுத்த சில ஆண்டுகளில் குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை சுமார் 75 விழுக்காடு கூடியது. நாட்டில் திடீரென்று அநாதைகள் பெருகியதால் அன்று. இரக்கத்தோடு வந்த வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளும் தன்னார்வலர்களும் பணம் கொடுத்ததால். அந்த இல்லங்களிலிருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நால்வரில் மூவருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார் என்பதை யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பணம் இருக்கும் இடத்தில் இல்லம் முளைக்கிறது. இல்லத்தை நிரப்பப் பிள்ளைகள் தேடப்படுகிறார்கள்.

நம் மண்ணிலும் அப்படித் தேடியிருக்கிறார்கள். 2010இல் அசாமிலிருந்தும் மணிப்பூரிலிருந்தும் நல்ல படிப்பு என்று ஆசை காட்டி அழைத்து வரப்பட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டு இல்லங்களிலிருந்து மீட்கப்பட்டார்கள். அந்த இரு மாநிலங்களிலிருந்தும் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் படிப்பின் பெயரால் வெளியே அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே தலையிட்டு உத்தரவிட வேண்டியிருந்தது. 2021இல் மதுரையில் ஒரு காப்பகத்தில் இருந்த குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலிச் சான்று காட்டப்பட்டது. அந்தக் குழந்தை விற்கப்பட்டிருந்ததைக் காவல்துறை கண்டுபிடித்தது. 2022 அக்டோபரில் திருப்பூர் மாவட்டம் திருமுருகன்பூண்டியில் ஒரு காப்பகத்தில் உணவு ஒவ்வாமல் 3 சிறுவர்கள் இறந்தார்கள். அதன் பிறகே அந்தக் காப்பகம் மூடப்பட்டது. குழந்தைகள் சாகும் வரை காத்திருந்து மூடுவதற்குப் பெயர் கண்காணிப்பா?

நேர்மையாக, தியாக உணர்வோடு நடத்தப்படும் இல்லங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. வன்கொடுமைக்கு ஆளான பிள்ளைக்கு, தெருவில் விடப்பட்ட பிள்ளைக்கு, வீடே ஆபத்தாகிவிட்ட பிள்ளைக்கு அவை அடைக்கலம். அவற்றை நடத்துபவர்களுடைய உழைப்பை நாம் மதிக்கிறோம். அந்த மதிப்பு நிலைக்க வேண்டுமானால், நன்கொடைக்காகப் பிள்ளைகளைக் காட்சிக்கு வைக்கும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டியவர்களும் அவர்களே. "ஆள் வராவிட்டால் பணம் வராது" என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம். அப்படியானால் தவறு எங்கே இருக்கிறது என்று கொடுப்பவர்கள் யோசிக்க வேண்டும். குழந்தை முன்னால் வந்து சிரித்தால்தான் பணம் என்பது தருமத்துக்கு அழகன்று.

இனி அரசின் பொறுப்புக்கு வருவோம். ஒரு குழந்தையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்று. வறுமை மட்டுமே பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் காரணமாகக் கூடாது என்று மாற்றுப் பராமரிப்புக்கான ஐ.நா. வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. கண்டெடுக்கப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்த வேண்டும். இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், இல்லங்களின் செயல்பாட்டை மேற்பார்க்கும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியரிடமே தந்திருக்கிறது. எழுத்தில் குறையே இல்லை.

தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்து 2007இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட வழக்கின் பெயரிலேயே நம் மாநிலத்தின் பெயர் இருக்கிறது. அந்த வழக்கில் 2017 மே 5 அன்று நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா அமர்வு தீர்ப்பளித்தது. எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு பெற வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். இல்லத்துக்கு வெளியே வாழ வழி செய்வதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. தீர்ப்பு வந்து ஆண்டுகள் பல ஓடிவிட்டன. நம் ஊரில் இருக்கும் இல்லம் பதிவு பெற்றதா, அதில் எத்தனை பிள்ளைகள் இருக்கலாம், கடைசியாக யார் ஆய்வு செய்தார்கள் என்பதை நன்கொடை கொடுக்கப் போகும் ஒரு சாதாரண மனிதர் எளிதாகத் தெரிந்துகொள்ளும்படி இன்றும் வைக்கப்படவில்லை. நாட்டு இல்லங்களையே நீதிமன்றம் திரும்பிப் பார்க்கக் காரணமான மாநிலத்துக்கு இது தலைகுனிவு.

குடும்பத்தோடு பிள்ளையை வைத்துக் காப்பாற்ற வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் கணவனை இழந்த, கைவிடப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கும், உறவினர் வீட்டில் வளரும் பெற்றோரற்ற பிள்ளைகளுக்கும் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. தனியார் ஒருவர் மாவட்ட நிர்வாகத்தின் வழியாக ஒரு குழந்தைக்கு ஆதரவளிக்கவும் அத்திட்டம் இடம் தருகிறது. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. வரவேற்கிறோம். ஆனால் எத்தனை தாய்மாருக்கு இவை தெரியும்? மகனை ஹோமில் விடப் புறப்பட்ட ஒருத்தியை வழியில் நிறுத்தி, "இந்தா, இந்த விண்ணப்பத்தை நிரப்பு, பிள்ளை உன்னிடமே இருக்கட்டும்" என்று சொல்லும் ஆள் எந்த ஊராட்சியில் இருக்கிறார்? இல்லத்தின் தொலைபேசி எண் ஆட்டோக்களின் பின்னால் எழுதியிருக்கிறது. இந்த உதவிகளுக்கு அணுக வேண்டிய மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே இருக்கிறது என்று ஊரில் பலருக்கும் தெரியாது.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். இல்லம் தீது என்றால் நாளைக்கே எல்லாவற்றையும் பூட்டிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று எவரும் கிளம்ப வேண்டாம். 2020இல் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தமிழ்நாடு உட்பட 8 மாநிலங்களில் இல்லத்துப் பிள்ளைகளை 100 நாட்களுக்குள் குடும்பங்களோடு சேர்க்கச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. பெருந்தொற்றில் வேலையிழந்து கிடந்த குடும்பங்களுக்கு, வீட்டு நிலைமையை ஆராயாமல், எந்த உதவியும் உறுதி செய்யாமல் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதும் தீங்குதான். உச்ச நீதிமன்றம் அதில் தலையிட்டு, வீடு திரும்பிய பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாய் தர மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அவசரத்தில் செய்த இரக்கத்தை இன்னொரு அவசரத்தால் திருத்த முடியாது. பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்து, வீட்டைப் பார்த்து, பணத்தை உறுதி செய்து, பிறகும் போய்ப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம்.

முதலாவது, குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை, வெளியாட்கள் குழந்தைகள் இல்லத்துக்குள் வந்து நடத்தும் பிறந்தநாள், திதி, தலைவர் விழா உள்ளிட்ட எல்லாக் கொண்டாட்டங்களையும் தடை செய்து ஆணை பிறப்பிக்க வேண்டும். நன்கொடையை அலுவலகத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு போகட்டும். நிகழ்ச்சி நடத்த வேண்டுமானால் இல்லத்துப் பிள்ளைகளின் சொந்தப் பிறந்தநாள்களை இல்லமே கொண்டாடட்டும்.

இரண்டாவது, 74ஆவது பிரிவு ஏட்டில் உறங்கக் கூடாது. குழந்தைகளின் படத்தை வெளியிடும் இல்லத்தின்மீதும் நன்கொடையாளர்மீதும் கட்சிக்காரர்மீதும் வேறுபாடு பாராமல் வழக்குப் பதிய வேண்டும். நாளேடுகளும் தொலைக்காட்சிகளும் இப்படங்களை வெளியிடுவதை இன்றோடு நிறுத்த வேண்டும். பத்திரிகை உலகம் தனக்குச் சலுகை கேட்க முடியாது.

மூன்றாவது, பதிவு பெற்ற இல்லங்களின் பட்டியலை, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையோடும் கடைசி ஆய்வு நடந்த தேதியோடும், ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் இணையத்திலும் வெளியிட வேண்டும். பட்டியலில் இல்லாத இடத்துக்குக் கொடுக்காதீர்கள் என்று அரசே விளம்பரம் செய்ய வேண்டும்.

நான்காவது, ஒவ்வொரு இல்லத்துப் பிள்ளைக்கும் "இவர் ஏன் வீட்டில் இல்லை?" என்ற கேள்விக்கான பதில் கோப்பில் இருக்க வேண்டும். பதில் வறுமை என்று மட்டும் இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு மாத ஆதரவுத் தொகை கிடைக்கச் செய்து, முறைப்படி பிள்ளையை வீடு சேர்ப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் கடமை. விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் மேசையில் கிடக்கக் கூடாது. அங்கன்வாடிப் பணியாளர்களும் தலைமையாசிரியர்களும் கிராமச் சுகாதாரச் செவிலியர்களும் இத்திட்டங்களைத் தாய்மாரிடம் கொண்டுசேர்க்கப் பயிற்றப்பட வேண்டும்.

ஐந்தாவது, வேறு வழியில்லாமல் இல்லத்தில் வளரும் பிள்ளைகள் 18 வயதில் வாசலுக்கு வெளியே நிற்கும் நிலை மாற வேண்டும். 21 வயது வரை பின்பராமரிப்புக்குச் சட்டத்தில் இடமுண்டு. 8 வயதுப் பிள்ளைக்குக் கேக் வாங்கப் போட்டியிடும் ஊரில், 18 வயது இளைஞனின் விடுதிக் கட்டணத்துக்கும் பயிற்சிக்கும் வேலைக்கும் பணம் கொடுக்க ஆளில்லை. நிறுவனங்கள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியை அங்கே திருப்பட்டும்.

கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை; கொடுக்கும் இடத்தை மாற்றச் சொல்கிறோம். உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் குடும்பத்தில், உங்கள் கடைக்கு மூட்டை தூக்குபவரின் வீட்டில், பிள்ளையை ஹோமில் விடலாமா என்று இரவெல்லாம் யோசிக்கும் தாய் இருக்கலாம். அவளுடைய வாடகைக்கும் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் மாதாமாதம் சத்தமில்லாமல் கொடுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், ஒரு குழந்தைக்கு ஆதரவளிக்க எப்படிப் பதிய வேண்டும் என்று கேளுங்கள். குழந்தை ஆபத்தில் இருப்பதைக் கண்டால் நீங்களே தூக்கிக்கொண்டு போய் ஏதோ ஓர் இல்லத்தில் சேர்க்காதீர்கள். 1098 என்ற எண்ணை அழையுங்கள். அந்தக் குழந்தைக்கு எது நல்லது என்று முடிவு செய்யும் அதிகாரம் குழந்தைகள் நலக்குழுவுக்குத்தான் உண்டு.

நல்லெண்ணம் விளக்கமாகலாம், விலக்காக முடியாது. தீங்கு தெரிந்த பிறகும் அதே செயலைத் தொடர்ந்தால் அது அறியாமை ஆகாது. ஒரு மணி நேர மனநிறைவுக்காக ஒரு பிள்ளையின் குடும்பத்தையும் அடையாளத்தையும் தன்மானத்தையும் விலையாகக் கொடுக்கும் இந்த வழக்கம் ஒழிய வேண்டும். துறையின் ஆணை இந்த மாதமே வர வேண்டும். அதுவரை காத்திருக்காமல், அடுத்த பிறந்தநாளுக்கு முன்பதிவு செய்திருக்கும் ஒவ்வொருவரும் இன்றே தொலைபேசியை எடுத்து அதை ரத்து செய்து, அந்தப் பணத்தைப் பிள்ளையை வீட்டிலேயே வளர்க்கப் போராடும் ஒரு தாயின் கையில் சேர்க்க வேண்டும்.